கடைசி வீட்டில் மட்டும் சோலார் ஏன் நின்றுபோகிறது?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதனுடன் வாங்கும் முதல் துணைச் சாதனம் பெரும்பாலும் யூ.பி.எஸ். ஆகத்தான் இருக்கும். சற்று விலை கூடிய யூ.பி.எஸ். என்றால் முகப்பில் ஒரு சிறிய திரை இருக்கும். அதில் 221, 234 என்று ஓர் எண் மாறிக்கொண்டே இருக்கும். அந்த நொடியில் உங்கள் வீட்டிற்கு வரும் மின்சாரத்தின் வோல்டேஜ் அது. இதுவரை கவனித்ததில்லை என்றால் இன்று மாலை ஏழு மணிக்கு ஒரு முறையும், நாளை மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு முறையும் குறித்து வையுங்கள்.

மாலையில் இந்த எண் இறங்குவது நமக்குப் பழகிப்போன விஷயம். எல்லா வீட்டிலும் விளக்கும் ஏ.சி.யும் ஓடும்போது மின்விசிறி மெதுவாகச் சுற்றும். மதியத்தில் இந்த எண் ஏறுவதுதான் புதிது. தெருவில் பல மாடிகளில் சோலார் பேனல்கள் வந்துவிட்டால் இது நடக்கும். ஏன் ஏறுகிறது, ஏறினால் யாருக்கு நஷ்டம், இதில் கம்ப்யூட்டருக்கும் சாஃப்ட்வேருக்கும் என்ன வேலை என்று இந்த இதழில் பார்ப்போம்.

நான் கல்லூரியில் எலெக்ட்ரிகல் படித்துவிட்டு, என் வகுப்பில் பாதிப் பேரைப் போலவே சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தவன். மாடிகளில் உள்ள சோலார் இன்வெர்ட்டர்கள் அனுப்பும் அளவுகளைச் சேகரித்து வைக்கும் சாஃப்ட்வேர் எழுதுவதுதான் இப்போது என் வேலை. ஆகவே நான் தினமும் பார்ப்பது வெயிலை அல்ல, வோல்ட்டுகளை.

எந்த இன்வெர்ட்டர்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம்மூரில் இன்வெர்ட்டர் என்றால், கரண்ட் போனதும் பேட்டரியிலிருந்து விளக்கையும் மின்விசிறியையும் ஓட்டும் பெட்டி. மாடியில் சோலார் வைப்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது வேறு வகை. பேனல்களில் உற்பத்தியாவது டி.சி. மின்சாரம். அதை வீட்டிற்குரிய ஏ.சி. மின்சாரமாக மாற்றி, வீட்டு உபயோகம் போக மீதியைத் தெருக் கம்பிக்கு அனுப்புவது இந்த சோலார் இன்வெர்ட்டர். இதில் பேட்டரி கிடையாது. தெருவில் கரண்ட் போனால் இதுவும் உடனே நின்றுவிடும். "சோலார் வைத்தும் கரண்ட் கட் ஆகிறதே" என்று புதிதாக வாங்கியவர்கள் கேட்பது இதனால்தான். மின்கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மேல் உங்கள் மாடி மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இந்தப் பெட்டிக்குள் ஒரு சிறிய கம்ப்யூட்டர் இருக்கிறது. தெருக் கம்பியின் வோல்டேஜையும், நொடிக்கு 50 முறை என்ற அதன் துடிப்பையும் அது இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கும். இவற்றில் எது, எந்த எண்ணைத் தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்பது அதன் சாஃப்ட்வேரில் பதிந்திருக்கும். இந்தச் சில எண்கள்தான் இனி நம் கதாநாயகர்கள்.

எக்ஸெல்லில் ஒரு தெரு

படித்துக் கேட்பதைவிட நாமே போட்டுப் பார்த்தால் எளிதில் புரியும். எக்ஸெல், அல்லது ஓப்பன் ஆபீஸ் போல எந்த ஸ்ப்ரெட்ஷீட் இருந்தாலும் திறந்துகொள்ளுங்கள். நம் தெருவில் ஒரு டிரான்ஸ்பார்மர், அதிலிருந்து ஒரே கம்பியில் வரிசையாகப் பத்து வீடுகள். உண்மையில் தெருவில் மூன்று ஃபேஸ் ஓடும், வீடுகள் அவற்றில் பிரிந்திருக்கும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரே ஃபேஸ் என வைத்துக்கொள்கிறேன்.

முதல் காலத்தில் 1 முதல் 10 வரை வீட்டு எண்களை டைப் செய்திடுங்கள். இரண்டாவது காலத்தில் ஒவ்வொரு வீடும் மதியம் தெருவுக்கு அனுப்பும் ஆம்பியர். எல்லாவற்றிலும் 10 என்று போடுங்கள். இது ஏறத்தாழ 2.3 கிலோவாட்.

மூன்றாவது காலத்தில், அந்த வீட்டிற்கு முந்தைய கம்பித் துண்டில் ஓடும் மொத்தக் கரண்ட் வர வேண்டும். இதைக் கீழிருந்து மேலாகப் போட வேண்டும். பத்தாவது வீட்டிற்கு 10. ஒன்பதாவதற்கு, கீழே உள்ள செல்லின் எண்ணோடு அந்த வீட்டின் 10-ஐக் கூட்டும் ஃபார்முலா, விடை 20. இதையே மேல்நோக்கி காப்பி செய்தால் முதல் வீட்டிற்கு 100 வரும். பத்து வீட்டு மின்சாரமும் அந்தத் துண்டின் வழியாகத்தானே டிரான்ஸ்பார்மருக்குப் போக வேண்டும்!

நான்காவது காலத்தில் இதை 0.04 ஆல் பெருக்குங்கள். ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை உள்ள கம்பியின் தடை, போக வர இரண்டும் சேர்த்து, 0.04 ஓம் என்று எடுத்துக்கொண்டேன். கரண்ட்டைத் தடையால் பெருக்கினால் வோல்ட். பள்ளியில் படித்த அதே ஓம் விதிதான்.

ஐந்தாவது காலம் வீட்டு வோல்டேஜ். மேலே தனியாக ஒரு செல்லில் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜ் 230 என்று கொடுத்து, ஒவ்வொரு வீட்டிற்கும் முந்தைய வோல்டேஜோடு நான்காவது காலத்தின் எண்ணைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். முதல் வீட்டில் 234, ஐந்தாவதில் 246, பத்தாவதில் 252 வருகிறதா? சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடுவது போல, கரண்ட்டும் வோல்டேஜ் அதிகமுள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குத்தான் ஓடும். தெருவுக்குக் கரண்ட்டைத் தள்ள வேண்டுமென்றால் வீட்டின் வோல்டேஜ் தெருவைவிடக் கொஞ்சம் உயர வேண்டும். அந்த உயர்வு வீட்டுக்கு வீடு சேர்ந்துகொண்டே போய்க் கடைசி வீட்டில் முழுதாக நிற்கிறது.

இப்போது இரண்டாவது காலத்தில் 10 இருந்த இடமெல்லாம் -8 என்று மாற்றுங்கள். அதாவது மாலை நேரம். ஒவ்வொரு வீடும் 8 ஆம்பியர் இழுக்கிறது. கடைசி வீட்டில் 212.4 ஆக விழுந்துவிடும். மின்சார வாரியங்கள் காலம் காலமாகப் பயந்தது இதற்குத்தான். இதற்கு அவர்கள் செய்து வைத்த வைத்தியம், டிரான்ஸ்பார்மரின் வோல்டேஜைச் சற்று உயர்த்தி வைப்பது. அதற்கென்று டேப் என்னும் அமைப்பு டிரான்ஸ்பார்மரிலேயே உண்டு. மேலே உள்ள 230-ஐ 240 ஆக்குங்கள். மாலையில் கடைசி வீட்டிற்கு 222.4 கிடைக்கிறது. எல்லோருக்கும் நிம்மதி.

அதே 240-ஐ வைத்துக்கொண்டு மதியத்திற்குத் திரும்புங்கள். மீண்டும் 10 ஆம்பியர். கடைசி வீட்டில் 262!

"அப்படியானால் மதியம் குறைத்து வைத்து, மாலையில் கூட்டி வைக்கலாமே?" என்று கேட்பீர்கள். தெரு டிரான்ஸ்பார்மர்களில் பெரும்பாலானவற்றில் டேப்பை மாற்ற மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆள் வந்து மாற்ற வேண்டும். தினம் இரண்டு முறை நடக்கிற காரியமா?

ஆஸ்திரேலியாவில் நடந்தது

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துவிடாதீர்கள். அடிலெய்டைத் தலைநகராகக் கொண்ட தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் மூன்றில் ஒரு வீட்டிற்கு மேல் மாடி சோலார் இருக்கிறது. அங்கும் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனால் ஆஸ்திரேலியாவில் முன்பு 240 வோல்ட் என்பதே அளவாக இருந்தது. 2000-ஆம் ஆண்டில் தர அளவு 230 என்று மாற்றப்பட்டாலும், தெருவில் உள்ள டிரான்ஸ்பார்மர்கள் பழைய உயரத்திலேயே இருந்துவிட்டன. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், வெயிலே இல்லாத இரவுகளிலும் வோல்டேஜ் உயரத்திலேயே இருப்பது தெரிந்தது. ஆகவே பழி முழுவதையும் சோலார் மேல் போடுவது நியாயமில்லை. ஏற்கெனவே நிரம்பிய குடத்தில் அது கொஞ்சம் ஊற்றியது, அவ்வளவுதான்.

அங்கே வீட்டிற்கு வரும் மின்சாரம் 253 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இன்வெர்ட்டர்களுக்கான விதியில் இன்னொரு எண்ணும் உண்டு. பத்து நிமிட சராசரி 258-ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்ள வேண்டும். இந்த 258-ஐ மனதில் வைத்துக்கொண்டு நம் ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு வாருங்கள். 240-ல் தொடங்கிய நம் தெருவில் 7, 8, 9, 10 ஆகிய நான்கு வீடுகள் 258-க்கு மேல் நிற்கின்றன. முதலில் எது நிற்கும்? அதிக உயரத்தில் இருக்கும் பத்தாவது வீடு. அதன் 10-ஐ 0 ஆக்கிப் பாருங்கள்.

ஒன்பதாவது வீடு சரியாக 258.0-க்கு இறங்கிவிட்டது. எட்டாவது 257.6. ஏழாவது 256.8. கடைசி வீடு ஒன்று ஒதுங்கியதும் மற்ற ஒன்பது பேருக்கும் பிரச்சினை தீர்ந்தது! அவர்கள் முழு உற்பத்தியையும் அனுப்பிக் காசு பார்க்கிறார்கள். கடைசி வீட்டுக்காரர் அதே விலை கொடுத்து, அதே பேனல்களை வைத்து, வெயில் கொளுத்தும் மதியத்தில் சும்மா நிற்கும் இன்வெர்ட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் செய்த ஒரே குற்றம், டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி வீடு கட்டியது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த மாதிரி ஓர் அளவுப் பட்டியலைப் பார்த்தபோது, இன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும் என நினைத்தேன். வாடிக்கையாளர்களும் அப்படித்தான் கம்பெனிக்கு போன் செய்வார்கள். இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இருக்காது. சொன்னதைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்.

எண்களை மாற்றினால்?

ஒரேயடியாக நிற்பதற்குப் பதில், படிப்படியாகக் குறைத்தால் என்ன? ஆஸ்திரேலியாவில் 2021 டிசம்பர் முதல் கட்டாயமான இன்வெர்ட்டர் விதி இதைத்தான் சொல்கிறது. வோல்டேஜ் 253-ஐத் தாண்டியதும் இன்வெர்ட்டர் உற்பத்தியை மெல்லக் குறைக்கத் தொடங்கும். 260-ல் ஐந்தில் ஒரு பங்குதான் அனுப்பும். இதற்கு வோல்ட்-வாட் என்று பெயர். அதற்கும் முன்பே, 240-ஐத் தாண்டியதும் வோல்ட்-வார் என்ற இன்னொரு வேலை தொடங்கும். கரண்ட்டின் துடிப்பை வோல்டேஜின் துடிப்பிலிருந்து சற்றே நகர்த்தினால் தெருவின் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும். எப்படி என்பது ஒரு தனிக் கட்டுரைக்குரிய விஷயம். இதற்கு இன்வெர்ட்டரின் திறனில் ஒரு பகுதி செலவாகும் என்பது மட்டும் போதும்.

இவை இருந்தாலும் கடைசி வீடே அதிகம் குறைக்கும். ஏனென்றால் ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தன் வீட்டு வோல்டேஜை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறது. முதல் வீட்டில் 244 இருக்கும்போது அதற்கு எந்தக் கவலையும் இல்லை.

எல்லோரும் சமமாக விட்டுக்கொடுத்தால்? இரண்டாவது காலத்தில் பத்து வீட்டிற்கும் 8 என்று போடுங்கள். கடைசி வீட்டில் 257.6. யாரும் நிற்க வேண்டாம். ஆனால் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். கடைசி வீட்டை நிறுத்தியபோது தெரு 90 ஆம்பியர் அனுப்பியது. சமமாகப் பிரித்தால் 80 தான். பொதுநலக் கணக்கில் 10 ஆம்பியர் நஷ்டம். வெயிலை வீணாக்காதே என்று கணக்குப் பார்ப்பவர்கள் முதல் வழியைத்தான் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது வழிதான் சரியாகப் படுகிறது. தெருக் கம்பி பத்து வீட்டிற்கும் பொது. மதியத்தில் அதில் இருக்கும் இடத்தை ஒன்பது பேர் மட்டும் எடுத்துக்கொள்வது, பந்தியில் முன்வரிசைக்காரர்களே பாயசத்தைத் தீர்த்துவிடுவது போல.

தெற்கு ஆஸ்திரேலியாவின் விநியோக நிறுவனமான எஸ்.ஏ. பவர் நெட்வொர்க்ஸ் 2021-ல் தொடங்கிய திட்டம் இரண்டாவது வழியின் பக்கம் போகிறது. முன்பு ஒரு வீடு ஃபேஸ் ஒன்றுக்கு 5 கிலோவாட் வரை எப்போதும் அனுப்பலாம் என்ற நிலையான வரம்பு இருந்தது. புதிய திட்டத்தில் வரம்பு நேரத்திற்கு நேரம் மாறும். கம்பியில் இடம் இருக்கும்போது 10 கிலோவாட் வரை, நெரிசல் உள்ளபோது 1.5 வரை. எந்த நேரத்தில் எவ்வளவு என்பதை நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் கணக்கிட்டு, இண்டர்நெட் வழியாக இன்வெர்ட்டருக்குச் சொல்லும். இண்டர்நெட் இணைப்பு அறுந்துவிட்டால் இன்வெர்ட்டர் தானாகவே 1.5-க்கு இறங்கிக்கொள்ளும். மோடத்தை அணைத்துவிட்டு ஊருக்குப் போனால் வருமானம் குறையும்!

இன்னொரு வழி அனுப்புவதையே குறைப்பது. ஒவ்வொரு வீடும் 10-ல் 5 ஆம்பியரை மதியமே தானே செலவழித்துவிட்டால் கடைசி வீட்டில் 251 தான். அங்கே 2020 ஜூலையில் காலை 10 முதல் மாலை 3 வரை மலிவான ஒரு கட்டண முறை வந்தது. பெயரே வேடிக்கையானது: சோலார் ஸ்பாஞ்ச். இரவில் ஓடிக்கொண்டிருந்த வெந்நீர்த் தொட்டிகளை மதியத்திற்கு மாற்றினார்கள். 2025 ஜூலையிலிருந்து வீட்டு பேட்டரிக்கும் மத்திய அரசு சலுகை தருகிறது.

தெருவுக்கு வெளியேயும்

2021 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை. தெற்கு ஆஸ்திரேலியாவில் வெயில் இதமாக இருந்தது, மின்தேவை மிகக் குறைவு. அண்டை மாநிலத்திற்கு அனுப்பும் வழியும் பராமரிப்பு வேலையால் குறுகியிருந்தது. மாடி சோலாரைக் குறைத்தே ஆக வேண்டும் என்று தேசிய மின் நிர்வாகத்திடமிருந்து உத்தரவு வந்தது. லட்சக்கணக்கான பழைய இன்வெர்ட்டர்களுக்கு இண்டர்நெட் வழியாகச் சொல்ல வழியில்லை. அப்போது கையாண்ட முறைகளில் ஒன்று என்ன தெரியுமா? துணை மின்நிலையங்களில் வேண்டுமென்றே வோல்டேஜை உயர்த்தினார்கள். 258-ஐத் தாண்டிய இன்வெர்ட்டர்கள் தாமாகவே நின்றுகொண்டன. யார் வீட்டில் முதலில் நின்றிருக்கும் என்பதை நம் ஸ்ப்ரெட்ஷீட்டே சொல்லும்.

ஜெர்மனியில் வேறு எண். வோல்டேஜுக்குப் பதில் அங்கே துடிப்பு சம்பந்தப்பட்டது. பழைய விதிப்படி, 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் எல்லா இன்வெர்ட்டர்களும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். பேனல்கள் குறைவாக இருந்தபோது அதில் தவறில்லை. பேனல்கள் பெருகியதும், எல்லாம் ஒரே நொடியில் நின்றால் ஐரோப்பாவின் மின்தொகுப்பே ஆட்டம் காணும் என்ற பயம் வந்தது. 2012-ல் ஒரு சட்ட ஆணை போட்டு, சுமார் 3 லட்சத்து 15 ஆயிரம் நிலையங்களில் அந்த எண்ணை மாற்ற ஏற்பாடு செய்தார்கள். பெரும்பாலும் ஆள் நேரில் போய்த்தான் மாற்ற வேண்டியிருந்தது.

ஹவாய் தீவுகளில் 2013-ல் நெரிசலான தெருக்களில் புதிய சோலார் இணைப்புகள் அனுமதிக்காகக் காத்து நின்றன. 2015-ன் தொடக்கத்தில் என்ஃபேஸ் என்ற நிறுவனம் அங்குள்ள தன் 8 லட்சம் சிறிய இன்வெர்ட்டர்களின் எண்களை இருந்த இடத்திலிருந்தே ஒரே நாளில் மாற்றியது. விண்டோஸ் அப்டேட் போலத்தான். சாஃப்ட்வேர்காரன் என்ற முறையில் எனக்கு இதில் பெருமையும் உண்டு, நடுக்கமும் உண்டு. ஒரே நாளில் சரியான எண்ணை அனுப்ப முடிந்தால் தவறான எண்ணையும் அனுப்ப முடியும்.

நீங்கள் செய்ய வேண்டியது

பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்துத் தொடங்கியது. 3 கிலோவாட் வைப்பவருக்கு 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். 3 கிலோவாட் என்றால் சுமார் 13 ஆம்பியர். நம் ஸ்ப்ரெட்ஷீட்டில் 10-க்குப் பதில் 13 போட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் சோலார் வைக்கிறீர்கள் என்றால், பொருத்த வருபவரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். இன்வெர்ட்டரின் மெனுவில் நாடு என்று ஒரு தேர்வு இருக்கும். அதில் இந்தியா தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். வேறு நாடு இருந்தால் வேறு நாட்டின் எண்கள்தான் வேலை செய்யும். அடுத்து, மாடியிலிருந்து மீட்டர் வரை போகும் வயரின் கனம். மெல்லிய வயர் போட்டு மிச்சம் பிடித்தால், தெருவில் ஏறும் வோல்ட்டோடு உங்கள் வயரில் ஏறும் வோல்ட்டும் சேர்ந்துகொள்ளும்.

ஏற்கெனவே வைத்து, மதியத்தில் நின்று நின்று ஓடுகிறது என்றால், இன்வெர்ட்டருடன் வரும் மொபைல் ஆப் அல்லது இணைய தளத்தில் லாகின் செய்து அளவுகளை டவுன்லோட் செய்திடுங்கள். பெரும்பாலும் எக்ஸெல்லில் திறக்கும் ஃபைலாகவே கிடைக்கும். வோல்டேஜ் காலத்தைத் தேர்ந்தெடுத்து, பெரிய எண் மேலே வரும்படி சார்ட் செய்திடுங்கள். பக்கத்துக் காலத்தில் நேரத்தைப் பாருங்கள். எல்லாம் 11 முதல் 2 மணிக்குள் விழுந்து, பிழைச் செய்தியில் கிரிட் ஓவர் வோல்டேஜ் என்று இருந்தால் இன்வெர்ட்டரை மாற்றப் பணம் செலவழிக்க வேண்டாம்.

கோளாறு வயரிலா தெருவிலா என்று அறிய உங்கள் யூ.பி.எஸ். போதும். வெயில் ஏறாத காலை ஏழு மணிக்கு இன்வெர்ட்டர் காட்டும் எண்ணையும் யூ.பி.எஸ். காட்டும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஓரிரு வோல்ட் மாறுபடலாம். கருவிகளின் இயல்பு அது. பிறகு நல்ல வெயிலில் மீண்டும் குறியுங்கள். இடைவெளி காலையில் இருந்ததைவிட ஐந்து, ஆறு வோல்ட் கூடியிருந்தால் வயர் மெல்லியது, அல்லது எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இணைப்பு சூடாகும் என்பதால் எலெக்ட்ரீஷியனை உடனே அழைக்கவும். பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம். இடைவெளி அப்படியே இருந்து இரண்டு எண்களும் சேர்ந்தே ஏறியிருந்தால் அது தெருவின் விஷயம். மின்வாரிய அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது, சார்ட் செய்த அந்த ஷீட்டை பிரிண்ட் எடுத்து இணைத்துவிடுங்கள். தேதி, நேரம், வோல்டேஜ் என மூன்று காலங்கள் போதும்.